சமக்குறியின் இரு பக்கம்: தொடக்கக் கணிதத்தில் சமன்மை கற்பித்தல்

8 + 4 = □ + 5 என்ற கணக்கில் கட்டத்துக்குள் வர வேண்டிய எண் 7. அமெரிக்காவில் ஃபாக்னர், லெவி, கார்ப்பென்டர் மூவரும் 1999இல் வெளியிட்ட கட்டுரையின்படி, இக்கணக்கைச் செய்த ஆறாம் வகுப்பு மாணவர் 145 பேரும் 12 என்றோ 17 என்றோதான் எழுதினார்கள். இந்த இரண்டு விடைகளையும் சற்று நின்று பார்க்க வேண்டும். 12 எழுதிய பிள்ளை எட்டையும் நான்கையும் சரியாகவே கூட்டியிருக்கிறது. சமக்குறியைக் கண்டதும் விடையை எழுதிவிட்டுப் பின்னால் நிற்கும் 5ஐ விட்டுவிட்டது. 17 எழுதிய பிள்ளை கண்ணில் பட்ட எண்களையெல்லாம் கூட்டிவிட்டது. இரண்டிலும் கூட்டலில் பிழை இல்லை. இரு பக்கமும் ஒரே அளவு என்று சொல்லும் குறியை, விடையை எழுது என்ற கட்டளையாகப் படித்ததே பிழை. இந்த வாசிப்பைப் பிள்ளைகளுக்குப் பழக்குவது நாம் கொடுக்கும் பயிற்சிகளே. ஆகவே திருத்தமும் முதல் வகுப்புப் பயிற்சியிலேயே தொடங்க வேண்டும் என்பது என் வாதம்.

சமன்மை நுண்மையான கருத்து, வயது வந்தால்தான் பிடிபடும் என்று சிலர் மறுக்கலாம். வயதுதான் காரணம் என்றால் ஆண்டு ஏற ஏறத் தேர்ச்சியும் ஏற வேண்டும். மெக்நீல் 2007இல் வெளியிட்ட ஆய்வில் ஏழு வயதுப் பிள்ளைகளைவிட ஒன்பது வயதுப் பிள்ளைகள் இவ்வகைக் கணக்குகளில் பின்தங்கினார்கள். இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் அவர்கள் இழந்தது அறிவையல்ல. 'இடப்பக்கம் கணக்கு, வலப்பக்கம் விடை' என்ற ஒரே வடிவம் அவர்களுக்குள் ஆழமாக ஊன்றிவிட்டது. லியும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் சீன, அமெரிக்கப் பாடநூல்களையும் ஆசிரியர் கையேடுகளையும் ஒப்பிட்ட ஆய்வில், சமக்குறிக் கணக்குகளுக்கு ஆறாம் வகுப்புச் சீன மாணவரில் 98 விழுக்காட்டினர் சரியாக விடையளித்தனர். அமெரிக்க மாணவரில் 28 விழுக்காட்டினர்தான். வயது ஒன்று, வகுப்பு ஒன்று. வேறுபட்டது கற்பிக்கும் முறை. பெரியது, சிறியது, சமம் என்று ஒப்பிடும் இடத்திலேயே சீன நூல்கள் சமக்குறியை அறிமுகம் செய்கின்றன. கூட்டல் அதன்பின் வருகிறது. இந்த வரிசை எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

குறியை எப்படி வாய்விட்டுப் படிக்கிறோம் என்பதும் இதில் சேரும். ராபர்ட் ரெக்கார்டு 1557இல் இக்குறியை உருவாக்கியபோது, இரு இணைகோடுகளைவிடச் சமமான இரண்டு பொருள்கள் இருக்க முடியாது என்றே காரணம் சொன்னார். ஆனால் 'எட்டும் நான்கும் சேர்ந்தால் பன்னிரண்டு' என்று நாம் படிக்கும்போது இடப்பக்கம் செயலாகவும் வலப்பக்கம் விளைவாகவும் மாறிவிடுகின்றன. 'எட்டு கூட்டல் நான்கு சமம்' என்று குறியின் வரிசையில் படித்தாலும், 'சமம்' என்றதும் பிள்ளை விடைக்குத் தாவுகிறது. தமிழின் இயல்பான தொடரோ வேறு: 'எட்டும் நான்கும் சேர்ந்தது ஏழும் ஐந்தும் சேர்ந்ததற்குச் சமம்.' இங்கே இரு பக்கத்தையும் சொல்லி முடித்த பிறகே 'சமம்' என்ற சொல் வாயில் வருகிறது. தொடக்க வகுப்பில் இப்படிப் படிக்கப் பழக்குவது, தமிழ் தானாகவே நமக்குத் தரும் உதவி.

இயற்கணிதம் வரும்போது விளக்கிக்கொள்ளலாமே என்பது இன்னொரு மறுப்பு. நுத் குழுவினர் 2006இல் காட்டியது, சமக்குறியை உறவாகப் புரிந்துகொண்ட மாணவரே சமன்பாடுகளைத் தீர்ப்பதில் முந்தினர் என்பது. இயற்கணிதம் வரும்வரை காத்திருந்தால், ஊன்றிய பழக்கத்தைப் பிடுங்கிக்கொண்டே புதியதைக் கற்பிக்க நேரும். சமன்மையை விளக்கத் தராசுப் படம் போதும் என்பவர்களுக்கும் ஒரு சொல்: தராசு தொடங்க உதவும், ஆனால் 3 − 5 ஐத் தட்டில் வைக்க முடியாது. கூட்டல் பயிற்சியின் நேரத்தைச் சமன்மைப் பயிற்சி தின்னும் என்ற கவலை நியாயமானது. ஆனால் கணக்குகளின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டியதில்லை, பக்கங்களை இடம் மாற்றினால் போதும். 9 + 8 = □ என்பதற்குப் பதில் □ = 9 + 8 என்று பயிற்சி செய்த பிள்ளைகள் சமன்மையைக் கூடுதலாகப் புரிந்துகொண்டதை மெக்நீல் குழு 2011இல் கண்டது. 7 = 7 சரியா, 8 = 3 + 5 சரியா என்று கேட்டு வாதாட விடுவதற்கும் அதிக நேரம் பிடிக்காது. அப்படிப் பழகிய பிள்ளை 8 + 4 = □ + 5 ஐக் கண்டால் 12க்குப் போகவே தேவையில்லை: நான்கைவிட ஐந்து ஒன்று கூடுதல், ஆகவே கட்டத்தில் எட்டைவிட ஒன்று குறைய வேண்டும்.