கோழிமுட்டை பெங்களூர் திரும்பிய வழி

பெங்களூர் பேக்கரிகளில் கிடைக்கும் ஈஸ்டர் முட்டைக்கு ஓடும் கிடையாது, மஞ்சள் கருவும் கிடையாது. முந்திரிப்பருப்பையும் சர்க்கரையையும் அரைத்துப் பிசைந்து, அச்சில் அழுத்தி, மேலே ஐசிங்கில் சின்னப் பூ வைத்திருப்பார்கள். மர்சிபன் முட்டை என்று பெயர். ஃப்ரேசர் டவுன் மசூதி சாலையில் 1902-ல் தொடங்கிய ஆல்பர்ட் பேக்கரிக்கு இதில் தனிப்பெயர் உண்டு. நடத்துவது ஒரு முஸ்லிம் குடும்பம். ரம்ஜான் மாதத்தில் சமோசாவுக்கு நிற்கும் அதே கூட்டம், புனித வெள்ளிக்குச் சிலுவை போட்ட பன்னுக்கும் ஈஸ்டருக்கு முட்டைக்கும் வந்து நிற்கும்.

இந்த முட்டையின் பூர்வீகத்தைத் தேடினால் முதலில் காட்டுக்குள் போக வேண்டும். நம் வீட்டுக்கோழியின் மூதாதை, தெற்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் திரியும் செந்நிறக் காட்டுக்கோழி. ஆனால் கோழியின் மஞ்சள் கால் அதனிடமிருந்து வரவில்லை. அந்த நிறத்துக்கான மரபணு, நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் கூவும் சாம்பல் காட்டுக்கோழியின் கொடை என்று 2008-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. உலகத்து மஞ்சள் கால் கோழிகளில் தென்னிந்தியக் காட்டின் பங்கு இருக்கிறது என்பது எனக்கு இன்றைக்கும் சிலிர்ப்பான செய்தி.

கோழி மேற்கே போனது. கிரேக்கர்கள் கைக்கு அது பாரசீகம் வழியாக வந்து சேர்ந்ததால், ஊரை வைத்தே பெயரும் வைத்துவிட்டார்கள். கி.மு. 414-ல் அரங்கேறிய அரிஸ்டோஃபனீஸின் ‘பறவைகள்’ நாடகத்தில் சேவலுக்குப் ‘பாரசீகப் பறவை’ என்று பெயர்.

பிறகு கிறிஸ்தவம் வந்தது. தவக்காலத்தில் இறைச்சியோடு முட்டையையும் விலக்கினார்கள். கோழிக்கு ஏது தவக்காலம்? அது பாட்டுக்கு இட்டுக்கொண்டே இருந்தது. வாரக்கணக்கில் சேர்ந்த முட்டைகளை வேகவைத்து, சாயமேற்றி, நோன்பு முடிகிற நாளில் கொண்டாடித் தீர்த்தார்கள். கிரேக்க வீடுகளில் பெரிய வியாழன் அன்றே முட்டைகளை வேகவைத்துச் சிவப்பேற்றி விடுவார்கள். சிவப்பு கிறிஸ்துவின் இரத்தம், ஓடு அவருடைய கல்லறை. ஈஸ்டர் நள்ளிரவு வழிபாடு முடிந்து, ஆட்டுக்குடலும் ஈரலும் கீரையும் போட்டுக் காய்ச்சிய ‘மகிரிட்சா’ சூப்போடு உட்காரும்போது, ஆளுக்கொரு முட்டையை எடுத்து ஒன்றோடொன்று மோதுவார்கள். “கிறிஸ்து உயிர்த்தார்” என்று ஒருவர் சொல்ல, “உண்மையாகவே உயிர்த்தார்” என்று மற்றவர் சொல்ல, உடையாத முட்டைக்காரருக்கு ஆண்டு முழுக்க நல்ல காலம். பின்னல்போல் முறுக்கிச் சுடும் ‘சுரேக்கி’ ரொட்டியிலும் சிவப்பு முட்டையைப் பதித்து வைப்பார்கள். இந்தப் பெருவிழாவுக்கு அவர்கள் சொல்லும் பெயர் ‘பாஸ்கா’. நம் கோயில்களில் பாஸ்கா திருவிழிப்பு என்று சொல்கிறோமே, அதே சொல்தான்.

முட்டை அரண்மனைகளுக்கும் ஏறியது. இங்கிலாந்தின் முதலாம் எட்வர்டு 1290-ல் 450 முட்டைகளைப் பதினெட்டுப் பென்சுக்கு வாங்கி, சாயமும் தங்கத்தாளும் ஏற்றிக் கொடுத்ததை அரண்மனைக் கணக்கு சொல்கிறது. 1885-ல் ரஷ்யப் பேரரசிக்காக ஃபபெர்ஷே செய்த முதல் முட்டையைத் திறந்தால் தங்க மஞ்சள் கரு, அதற்குள் ஒரு தங்கக் கோழி. அதற்கு முன்பே பிரிட்டனில் சாக்லேட் வியாபாரிகள் போட்டியில் இறங்கியிருந்தார்கள். பிரிஸ்டலில் ஃப்ரை நிறுவனம் 1873-ல் சாக்லேட் முட்டை செய்தது. இரண்டே ஆண்டில் கேட்பரியும் செய்தது. மேலே முதலைத்தோல் போன்ற வரிகள் போடும் வித்தை ஜெர்மனியிலிருந்து வந்தது. வழவழப்பான சாக்லேட்டில் தெரியும் சின்னச் சின்னக் குறைகளை அந்த வரிகள் மறைத்துவிடும்.

மர்சிபனுக்கு வேறு தடம். தேனீ இல்லாமல் தேன் தரும் நாணல் இந்தியாவில் இருக்கிறது என்று அலெக்சாண்டரின் தளபதி நியர்க்கஸ் வியந்து எழுதினார். கரும்பைத்தான் சொன்னார். அந்தச் சர்க்கரை அரபு உலகத்தில் பாதாமோடு சேர்ந்து ஐரோப்பாவுக்குப் போனது. பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் பிரேசிலிலிருந்து முந்திரியை இந்தியக் கடற்கரைக்குக் கொண்டுவந்தார்கள். மர்சிபனில் சேரும் பாதாம் விலையேறிய சரக்கு, முந்திரியோ பக்கத்தில் காய்க்கிறது. சமையற்காரர்கள் மாற்றிவிட்டார்கள். தூத்துக்குடி மக்ரூனிலும் நடந்தது இதே மாற்றம்தான்: ஐரோப்பியப் பாதாமின் இடத்தில் நம் முந்திரி, கூடவே சர்க்கரையும் முட்டை வெள்ளைக்கருவும். மக்ரூனும் மர்சிபன் முட்டையும் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிகள் என்று தைரியமாகச் சொல்வேன்.

1809-ல் பெங்களூரில் ஆங்கிலேயப் படைமுகாம் அமைந்தது. தளவாடம், சமையல், கட்டட வேலை என்று தமிழர்கள் திரளாக வந்து குடியேறினார்கள். துரைமார் கேட்ட ரொட்டியும் கேக்கும் இங்கே ஊன்றின. அவர்கள் போன பிறகும் போகவில்லை. ஏப்ரல் வெயிலில் சாக்லேட் இளகிவிடும், முந்திரி மாவு அச்சு கலையாமல் நிற்கும். பெங்களூரில் மர்சிபன் நிலைத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

கடையில் வாங்குகிறவர்கள் வாங்கட்டும். கிரேக்கச் சிவப்பு முட்டையை நம் வீட்டிலேயே செய்யலாம், செலவு அதிகமில்லை. பதினைந்து பெரிய வெங்காயத்தின் காய்ந்த தோலைச் சேர்த்து வையுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி வினிகர் விட்டு, தோலைப் போட்டு அரைமணி நேரம் கொதிக்க வைத்து, ஆறவிட்டு வடிகட்டுங்கள். அந்தச் சாற்றில் பன்னிரண்டு முட்டைகளை நெருக்காமல் அடுக்கி, சின்னத் தீயில் கால்மணி நேரம் வேகவிடுங்கள். நிறம் போதவில்லையென்றால் சாற்றிலேயே ஊறவிட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். செங்கல் சிவப்பு ஏறியதும் எடுத்து, காயவிட்டு, துணியில் சொட்டு நல்லெண்ணெய் தொட்டுத் துடைத்தால் பளபளக்கும். ஈஸ்டர் காலையில் பிள்ளைகள் கையில் ஆளுக்கொன்று கொடுத்து மோதச் சொல்லுங்கள். வெங்காயத் தோலை மட்டும் இன்றைக்கே சேர்க்கத் தொடங்கிவிடுங்கள்.