ஜெல்டா தொடரின் ‘விண்ட் வேக்கர்’: வரவேற்பின் வரலாறு

‘தி லெஜண்ட் ஆஃப் ஜெல்டா: தி விண்ட் வேக்கர்’ என்பது, ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் தன் கேம்க்யூப் கருவிக்காக உருவாக்கி, 2002 டிசம்பர் 13ஆம் தேதி சொந்த நாட்டிலும், 2003 மார்ச் 24ஆம் தேதி வட அமெரிக்காவிலும், அவ்வாண்டு மே மாதத்தில் ஐரோப்பாவிலும் வெளியிட்ட விடியோ விளையாட்டாகும். 1986இல் தொடங்கிய ஜெல்டா வரிசையில், 1998இல் வந்து உலகப் பிரசித்தி பெற்ற ‘ஒக்கரினா ஆஃப் டைம்’ கதைக்குப் பல தலைமுறைகளுக்குப் பின் நிகழ்வதாக அமைந்த இதனை ஐஜி அவுனுமா இயக்க, ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் தயாரித்தனர். விமர்சகர்களின் ஏகோபித்த பாராட்டையும் ரசிகர்களில் ஒரு பெரும்பகுதியாரின் கசப்பையும் ஒருங்கே பெற்ற இவ்விளையாட்டின் வரவேற்பு, அது வெளிவருவதற்கு ஈராண்டுகளுக்கு முன்பே, அதற்குச் சம்பந்தமில்லாத ஒரு காட்சித் துணுக்கிலிருந்து தொடங்கிவிட்டது.

2000 ஆகஸ்டில், டோக்கியோவை அடுத்த மகுஹாரியில் நடந்த ‘ஸ்பேஸ் வேர்ல்ட்’ பொருட்காட்சியில், அப்போது இன்னும் விற்பனைக்கு வராத கேம்க்யூபின் ஆற்றலை விளக்குவதற்காகத் திரையிடப்பட்ட துணுக்குகளுள் ஒன்று, வாலிபப் பருவத்துக் கதாநாயகன் லிங்க், பரம்பரைப் பகைவனாகிய கேனன்டார்ஃபோடு வாட்போர் புரிவதைச் சில விநாடிகள் யதார்த்தமான உருவங்களில் காட்டியது. அது கருவியின் திறனுக்கு ஒரு மாதிரியேயன்றி எந்த விளையாட்டின் பகுதியுமன்று. எனினும், ‘ஒக்கரினா’வின் கரடுமுரடான முகங்களோடு பழகியிருந்த ரசிகர்கள், அடுத்த ஜெல்டா இதுவேயென்று தமக்குத் தாமே நிச்சயித்துக்கொண்டு, எவரும் கொடாத அந்த வாக்குறுதியை நம்பி ஓராண்டுக் காலம் காத்திருந்தனர்.

2001 ஆகஸ்டில் அதே பொருட்காட்சியில் அவர்களுக்குக் கிடைத்ததோ, பெரிய தலையும் பூனைக் கண்களும் குட்டைக் கால்களும் கொண்ட ஒரு சிறுவன், கார்ட்டூன் படத்திலிருந்து இறங்கி வந்தவன்போல் ஓடியாடிய காட்சி. முப்பரிமாண உருவங்களின் மேல் ஒளியும் நிழலும் படிப்படியாகக் கலவாமல், ஓரிரு தட்டையான வண்ணப் பரப்புகளாகப் பிரிந்து நிற்கும்படி செய்யும் ‘செல் ஷேடிங்’ என்ற உத்தியை, முந்திய ஆண்டிலேயே செகா நிறுவனம் ‘ஜெட் செட் ரேடியோ’வில் கையாண்டு புகழ் பெற்றிருந்தது, ஆனால் அங்கே புதுமையாகத் தோன்றிய அதே உத்தி இங்கே துரோகமாகக் கருதப்பட்டது. தொடரின் பெயரையே திரித்துச் ‘செல்டா’ என்று பரிகாசம் செய்தோரும் உண்டு. அந்தக் கோபத்தை வெறும் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்கிவிடலாகாது. சோனியின் பிளேஸ்டேஷன் 2இல் ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 3’ போன்ற ஆட்டங்கள் வயது வந்தோரைக் கவர்ந்து, மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸும் களத்தில் இறங்கிய அக்காலத்தில், நின்டெண்டோவின் கருவி குழந்தைகளுக்கானது என்ற ஏளனத்தை நாள்தோறும் கேட்டுவந்த ரசிகனுக்கு, தன் அபிமானக் கதாநாயகனே அந்த ஏளனத்துக்குச் சாட்சியாக வந்து நின்றது போலிருந்தது. மியாமோட்டோவே தொடக்கத்தில் இந்தச் சித்திரப் பாணியைத் தயக்கத்துடனேயே நோக்கினார் என்பதை அவுனுமா பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

அப்பாணி வெறும் அலங்காரமன்று என்பது ஆடிப் பார்த்தோர்க்கே புலப்பட்டது. லிங்கின் பெரிய விழிகள், அறையில் கவனிக்கத்தக்க பொருள் எங்கிருந்தாலும் அத்திசையில் தாமே திரும்பிப் புதிருக்குக் குறிப்புக் காட்டின. காற்று வெண்கோடுகளாகத் திரையில் ஓடிற்று. அச்சம், வியப்பு, அசடு வழிதல் ஆகிய மெய்ப்பாடுகள், வாய் திறந்து பேசாத அந்தச் சிறுவனின் முகத்தில், தொடரில் அதுவரை காணாத தெளிவுடன் தோன்றின. 2002 மே மாதம் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த ஈ3 கண்காட்சியில் ஆடத்தக்க வடிவம் வைக்கப்பட்டபின் பத்திரிகையாளரின் தொனி மாறியது. ஜப்பானில் வெளிவந்த சமயம் ‘ஃபாமிட்சு’ வார இதழ் நாற்பதுக்கு நாற்பது மதிப்பெண் வழங்கிற்று. அவ்விதழின் வரலாற்றில் அந்த முழு மதிப்பை அதற்கு முன் அடைந்தவை மூன்றே விளையாட்டுகள். அவற்றுள் ஒன்று ‘ஒக்கரினா’. பிரிட்டனின் ‘எட்ஜ்’ பத்துக்கு ஒன்பது அளித்தது. பல விமர்சனங்களைத் தொகுத்துச் சராசரி காணும் மெட்டாக்ரிட்டிக் கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு நின்றது.

ஆயினும், புகழ்ந்தெழுதியவர்களே இரண்டு குறைகளைத் தவறாமல் குறிப்பிட்டனர். முதலாவது கடற்பயணம். ஹைரூல் நாடு வெள்ளத்தில் மூழ்கி மலையுச்சிகள் மட்டும் தீவுகளாக எஞ்சிய கதையாதலால், ஏழுக்கு ஏழாக நாற்பத்தொன்பது கட்டங்களாகப் பகுக்கப்பட்ட சமுத்திரத்தில், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தீவு வீதம், படகேறிச் செல்லவேண்டியிருந்தது. திசை மாற்றும்போதெல்லாம் மந்திரக்கோலை எடுத்து இசையசைவு காட்டிக் காற்றைத் திருப்பினால்தான் பாய்மரப் படகு விரைந்து செல்லும். விடியலில் கடற்பறவைகள் சூழப் புறப்படும் முதற்பிரயாணத்தின் ஆனந்தம் இருபதாம் பிரயாணத்தில் நிலைப்பதில்லை. இரண்டாவது குறை இதனினும் பெரிது. கதை உச்சத்தை நெருங்கும் தருணத்தில், டிரைஃபோர்ஸ் என்னும் தெய்விகப் பொருளின் எட்டுத் துண்டுகளைக் கடலடியிலிருந்து தேடியெடுக்கும் பணி குறுக்கிடுகிறது. துண்டு ஒன்றுக்கு ஒரு வரைபடம். அதைப் படித்துச் சொல்வதற்கு டிங்கிள் என்ற விசித்திரப் பேர்வழிக்கு, ஆட்டத்தின் நாணயமாகிய ரூப்பியில் 398 கூலி. ஆக எட்டுக்கும் சேர்த்து 3,184 ரூப்பி சேர்த்தாலன்றி இறுதிப் போருக்கு வழியில்லை. காலம் போதாமையால் சில புதிர்க்குகைகள் விலக்கப்பட்டன என்று அவுனுமா பின்னர் ஒப்புக்கொண்டார். அந்த வெற்றிடத்தைக் கடலைக்கொண்டு நிரப்பியது ஆடுவோர் எவர்க்கும் தெரியும்படியே இருந்தது. முகத்தைப் பற்றி ஈராண்டு எழுந்த ஆரவாரத்தில் நூற்றில் ஒரு பங்கும் இந்த உண்மையான குற்றத்தைப் பற்றி எழவில்லை என்பதே விந்தை.

விற்பனை சுமார் 45 லட்சப் பிரதிகளில் நின்றது. ‘ஒக்கரினா’வின் 76 லட்சத்தோடு ஒப்பிட்டு இதனைத் தோல்வியென்று முடிவு கட்டியோர், நின்டெண்டோ 64 கருவி 3 கோடியே 29 லட்சம் விற்றதையும், கேம்க்யூப் 2 கோடியே 17 லட்சத்தோடு ஓய்ந்ததையும் கணக்கில் கொள்ளவில்லை, இரண்டிலும் ஏறத்தாழ நாலைந்து கருவிக்கு ஒரு பிரதி வீதம் என்பதே நிலை. ஆனால் நிறுவனம் எடுத்துக்கொண்ட பாடம் வேறு. ஜப்பானில் மக்கள் விடியோ விளையாட்டுகளைவிட்டே விலகிவருவதாகவும், வட அமெரிக்காவில் சித்திரப் பாணி சிறுவர்க்குரியதென்ற எண்ணம் பரவிவிட்டதாகவும் கருதிய அவுனுமா, ‘விண்ட் வேக்கர்’ வழியிலேயே தொடங்கியிருந்த அடுத்த ஆட்டத்தை யதார்த்தப் பாணிக்கு மாற்றினார். இதனை அவரே 2007இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் விவரித்தார். 2004இன் ஈ3 அரங்கில் அதன் முன்னோட்டம் ஓடியதும் சபையினர் எழுந்து ஆர்ப்பரித்ததும், மியாமோட்டோ வாளும் கேடயமும் ஏந்தி மேடையேறியதும் இன்றும் பேசப்படுகின்றன. 2006இல் ‘ட்வைலைட் பிரின்சஸ்’ என்று வெளிவந்த அவ்வாட்டம் 80 லட்சத்துக்கு மேல் விற்றது.

காலம் செல்லச் செல்ல அபிப்பிராயம் மெல்லத் திரும்பியது. யதார்த்தத்தை நாடிய சமகால விளையாட்டுகள் அடுத்தடுத்த கருவிகள் வந்ததும் பழமை தட்ட, தட்டையான வண்ணங்களால் ஆன இதன் தோற்றம் மூப்படையவில்லை. ‘ஃபான்டம் ஹவர்கிளாஸ்’ (2007), ‘ஸ்பிரிட் டிராக்ஸ்’ (2009) ஆகியவை அதே சிறுவனின் சாயலைக் கைக்கருவிகளுக்குக் கொண்டுசென்றன. கேனன்டார்ஃப் இறுதியில், தன் பாலைநிலத்து மக்களைப் பகலில் சுட்டும் இரவில் உறைவித்தும் கொன்ற காற்றை நினைந்து, ஹைரூலின் இதமான காற்றை இச்சித்ததாகக் கூறும் காட்சியை, தொடரின் மிக முதிர்ந்த எழுத்தென்று பலர் கொண்டாடுகின்றனர்; குழந்தைத்தனம் என்று இகழப்பட்ட ஆட்டத்தில்தான் பகைவனுக்கு ஒரு நியாயம் கிடைத்தது.

2013இல் வீ யூ கருவிக்காக வந்த உயர்தெளிவுப் பதிப்பு, சிறுவனின் முகத்தை அப்படியே விட்டு, விமர்சகர் சுட்டிய குறைகளை நிவர்த்தி செய்தது: எத்திசைக்கும் காற்று தானே பின்னின்று வீச, வேகமாகச் செல்லும் பாய் ஒன்று சேர்க்கப்பட்டது, எட்டுத் துண்டுகளில் ஐந்தை வரைபடமின்றி நேரே பெறும்படி தேட்டம் சுருக்கப்பட்டது. புதிதாகப் பாய்ச்சிய மிகையொளி மூலத்தின் தட்டையான அழகைக் கெடுத்தது என்று இம்முறை சிலர் முறையிட்டனர். பழைய ஆட்சேபத்தின் நேரெதிர் அது. 2025 ஜூன் 5ஆம் தேதி ஸ்விட்ச் 2 கருவியின் வெளியீட்டோடு நின்டெண்டோவின் சந்தா சேவையில் வைக்கப்பட்டதோ, திருத்திய பதிப்பன்று, கேம்க்யூபின் மூல வடிவம். ஆகவே இன்று அங்கே புதிதாக ஆடுவோரும் மந்திரக்கோலை அசைத்தே காற்றைத் திருப்ப வேண்டும். டிங்கிளுக்கு எட்டு வரைபடத்துக்கும் முழுக்கூலி கொடுத்தே தீரவேண்டும்.