மகிழுந்தின் நிறுத்தி, திசைமாற்றி, தாங்கிக் கோளாறுகள்

மகிழுந்தை நிறுத்தும் பிரேக்கு, அதன் திசையை மாற்றும் ஸ்டீயரிங்கு, சக்கரத்தைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங்கு ஆகியன தமிழில் முறையே நிறுத்தி, திசைமாற்றி, தாங்கி எனப்படுகின்றன. முன்சக்கரத்தில் இம்மூன்றின் உறுப்புகளும் ஒன்றையொன்று ஒட்டி அமைந்துள்ளமையால், ஒன்றில் ஏற்படும் கோளாறு மற்றொன்றின் கோளாறு போலத் தோன்றுவதுண்டு. ஆகையால், எந்த உறுப்பையும் மாற்றுவதற்கு முன்னர், ஓசையோ அதிர்வோ எந்த வேளையில் தோன்றுகின்றது என அறிதலே பழுதறிதலின் முதற்படி ஆகும். மாமல்லபுரம் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்றும் மழைநீரும் இக்கோளாறுகளை விரைவுபடுத்துகின்றன.

செங்கல்பட்டு - மாமல்லபுரம் பகுதி

சென்னையைச் சுற்றியுள்ள பகுதி இந்தியத் தானுந்துத் தொழிலின் முதன்மையான மையங்களுள் ஒன்றாகும். நிறுத்தி உறுப்புகளைச் செய்யும் பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் 1962ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. செங்கல்பட்டை அடுத்த மறைமலைநகரில் 1990களின் இறுதியில் தொடங்கிய ஃபோர்டு மகிழுந்து உற்பத்தி 2022ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது.

முட்டுக்காடு, கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் வழியே செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலை பல இடங்களில் கடலுக்கு மிக அருகில் அமைந்துள்ளது. காற்றில் வரும் உப்பு இரும்பின் மீது படிந்து ஈரத்தை ஈர்த்துக்கொள்கின்றது. உப்புக் கரைந்த நீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால் துருப்பிடித்தல் விரைவாக நிகழ்கின்றது. பிரேக் டிஸ்க் வார்ப்பிரும்பினால் ஆனது; உராயும் பரப்பிற்கு வண்ணப்பூச்சு இல்லை. எனவே அது முதலில் துருப்பிடிக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் சாலைகளில் தேங்கும் நீர் மற்றொரு காரணம் ஆகும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது.

அறிகுறிகளும் காரணங்களும்

பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் தோன்றுபவை:

* காலையில் முதல் சில முறை மட்டும் உரசல் ஓசை: டிஸ்கின் மேல் படிந்த மெல்லிய துரு. சிலமுறை மிதித்தபின் நின்றுவிடும். இது கோளாறு அன்று.
* தொடர்ந்து கீச்சொலி அல்லது இரும்போடு இரும்பு உரசும் ஓசை: பிரேக் பேடு தேய்ந்திருத்தல்.
* ஸ்டீயரிங்கும் மிதியும் அதிர்தல்: டிஸ்கின் தடிப்பு சீராக இல்லாமை.
* வண்டி ஒருபுறம் இழுத்தல்: ஒரு பக்கக் கேலிப்பர் சிக்கியிருத்தல் அல்லது பிரேக் ஹோஸ் உட்புறம் அடைபட்டிருத்தல்.
* மிதி பஞ்சு போல அமுங்குதல்: குழாய்களில் காற்று புகுந்திருத்தல்.
* அழுத்திப் பிடித்த மிதி மெல்ல இறங்குதல்: மாஸ்டர் சிலிண்டரின் உட்கசிவு அல்லது வெளிக்கசிவு.
* மிதி கல் போல இறுகியிருத்தல்: வெற்றிட பூஸ்டரின் கோளாறு. எஞ்சினை நிறுத்தி மிதியைப் பலமுறை அழுத்திவிட்டு, மிதித்தபடியே எஞ்சினை இயக்கினால் மிதி சற்று இறங்க வேண்டும். இறங்காவிடில் பூஸ்டரையும் அதன் குழாயையும் சோதிக்க வேண்டும்.

திருப்பும்போது தோன்றுபவை:

* முழுவதும் திருப்பிச் செல்லும்போது டக் டக் என்ற ஓசை: முன்சக்கர ஆக்சிலின் வெளிப்புற இணைப்பு தேய்ந்திருத்தல். அதன் ரப்பர் உறை கிழிந்து மணலும் நீரும் புகுவதே பெரும்பாலும் இதற்குக் காரணம்.
* ஸ்டீயரிங் கனமாதல்: முதலில் டயரின் காற்றழுத்தத்தைப் பார்க்க வேண்டும்; பின்னரே பவர் ஸ்டீயரிங் ஆயில், பெல்ட் ஆகியவற்றை ஆராய வேண்டும்.

வேகத்தோடு கூடும் உறுமல் ஒலி: சக்கரத் தாங்கியின் தேய்வு. இடப்புறம் திருப்பும்போது எடை வலப்புறச் சக்கரங்களின் மேல் கூடுகின்றது. அப்போது ஒலி மிகுந்தால் வலப்புறத் தாங்கியை ஐயுறலாம். சாலையின் பரப்பு மாறும்போது ஒலியும் மாறினால் அது பெரும்பாலும் டயரின் ஒலி ஆகும்.

சக்கரத்தை உயர்த்திச் சோதித்தல்

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கியால் உயர்த்திய பின் உறுதியான தாங்குகால் மீது இருத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் செல்லுதல் உயிருக்கு ஆபத்தானது.

முன்சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் இருந்தால், மற்றொருவரைப் பிரேக்கை மிதிக்கச் செய்ய வேண்டும். ஆட்டம் மறைந்தால் கோளாறு தாங்கியில் உள்ளது. மறையாவிடில் பால் ஜாயிண்ட் போன்ற தொங்கல் உறுப்புகளில் உள்ளது. இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால் டை ராட் எண்டு தேய்ந்திருக்கலாம்.

பழுதுபார்த்தல்

பிரேக் பேடுகளை ஒரே ஆக்சிலின் இருபுறமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரே சக்கரத்தின் இரு பேடுகளுள் ஒன்று மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் கேலிப்பரின் நகரும் ஊசிகள் துருவினால் சிக்கியுள்ளன என அறியலாம். இது கடலோர வண்டிகளில் எதிர்பார்க்கத்தக்கது. ஊசிகளைத் துடைத்து, அதற்குரிய கிரீசு இடாமல் புதிய பேடு பொருத்தினால் அதுவும் அவ்வாறே தேயும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 3 வகையின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 205° செல்சியசு, ஏறத்தாழ 3.7 விழுக்காடு நீர் கலந்தபின் அது 140° வரை இறங்கலாம். டாட் 4 வகைக்கு இவை முறையே 230°, 155° ஆகும். தொடர்ந்து பிரேக்கு பிடிக்கும்போது ஆயில் கொதித்து ஆவியானால், ஆவி அமுங்கிவிடுவதால் மிதித்த விசை சக்கரத்தைச் சென்றடையாது. ஆகையால் பல தயாரிப்பாளர்கள் ஏறத்தாழ 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை இதை மாற்றப் பரிந்துரைக்கின்றனர். எஞ்சின் ஆயிலை இதற்கு மாற்றாக ஊற்றினால் ரப்பர் வளையங்கள் ஊதிக் கெட்டுவிடும்.

சூடான சக்கரம் தேங்கிய நீரில் இறங்கும்போது தாங்கியின் உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கி, காப்பு வளையத்தின் வழியே நீரை உள்ளிழுக்கலாம். நீர் கலந்த கிரீசு வெளுத்து, வழுக்கும் தன்மையை இழக்கும். மூடிய வகைத் தாங்கியைத் திறந்து சீர்செய்ய இயலாது. புதியதையே பொருத்த வேண்டும். சுத்தியலால் அடித்துப் பொருத்தினால் உருளும் பாதையில் பள்ளம் விழும் என்பதால் அழுத்து எந்திரத்தைப் பயன்படுத்துவர். டை ராட் எண்டை மாற்றியபின் வீல் அலைன்மென்ட் செய்தல் கட்டாயம் ஆகும்.

கடலோரப் பேணுதல்

கடற்கரைப் பயணத்திற்குப் பின் வண்டியின் அடிப்பகுதியையும் சக்கரங்களையும் நன்னீரால் கழுவுதல் நன்று. நீரைக் கடந்தபின் மெதுவாகச் சென்றபடி பிரேக்கைச் சிலமுறை மிதித்து உலர்த்த வேண்டும். வண்டியைப் பல நாள் நிறுத்தி வைப்பதாயின், ஹேண்ட் பிரேக்கு துருவினால் ஒட்டிக்கொள்ளாதிருக்க, சமதரையில் கியரில் விட்டுச் சக்கரங்களுக்குக் கட்டை வைக்கலாம்.

மிதி தரைவரை இறங்குதல், பிரேக் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருத்தல், சக்கரத்தில் தெளிவான ஆட்டம், ஸ்டீயரிங் இடையில் சிக்குதல் ஆகியவற்றுள் எது காணப்பட்டாலும் வண்டியை ஓட்டிச் செல்லாமல், இழுவை வண்டியில் ஏற்றியே பட்டறைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.