போருக்குப் பிந்தைய துருக்கிய அரூப ஓவியர்கள்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பாரிஸிலும் லண்டனிலும் தங்கி அரூப ஓவியம் தீட்டிய துருக்கியர்கள் ஒரு குழுவாக இயங்கியவர்கள் அல்லர். பொதுவான பாணியும் அவர்களுக்கு இல்லை. நெஜாத் தெவ்ரிம் (1923–1995), செலிம் துரான் (1915–1994), முபின் ஓர்ஹோன் (1924–1981), ஃபஹ்ரெல்நிஸ்ஸா சயித் (1901–1991) ஆகியோர் இவர்களில் முக்கியமானவர்கள்.

தெவ்ரிமும் துரானும் இஸ்தான்புல் நுண்கலைக் கழகத்தில் பிரெஞ்சு ஓவியர் லெயோபோல்ட் லெவியிடம் பயின்றவர்கள். 1946, 1947-இல் அடுத்தடுத்துப் பாரிஸ் வந்து சேர்ந்தனர். ஓர்ஹோனோ பொருளாதாரம் படிக்கப் போனவர். படிப்பைவிட ஓவியமே அவரைப் பிடித்துக்கொண்டது. ஆங்கிலேயச் சேகரிப்பாளர்களான ராபர்ட்–லிசா சைன்ஸ்பரி தம்பதி அவருடைய ஓவியங்களை விரும்பி வாங்கினர். நாரிச் நகரின் சைன்ஸ்பரி மையத்தில் அவற்றைக் காணலாம்.

இவர்களுடைய ஓவியங்களில் பைசாந்திய மொசைக், இஸ்லாமிய எழுத்தணி ஆகியவற்றின் சாயலைத் தேடுவது விமர்சகர்களின் வழக்கம். மொசைக்குகளை ஆழ்ந்து கற்ற தெவ்ரிமுக்கு அது பொருந்தும். ஓர்ஹோனின் அடங்கிய வண்ணப் பரப்புகளுக்கும் அதையே சொல்வது, ஓவியரின் பிறப்பிடத்தைப் பார்த்து ஓவியத்தை அளப்பதாகும்.

தெவ்ரிமின் தாயாரே ஃபஹ்ரெல்நிஸ்ஸா. ஒட்டோமான் பாஷா குடும்பத்தில், பூயுக்கதா தீவில் பிறந்தவர். 1928-இல் பாரிஸின் ரான்சன் கழகத்தில் ரோஜே பிசியேரிடம் கற்றார். இரண்டாம் கணவர், ஈராக் அரச குடும்பத்தைச் சேர்ந்த இளவரசர் சயித், லண்டனில் அந்நாட்டின் தூதரானதால், விருந்தோம்பலுக்கு நடுவேதான் தூதர் மனைவி தூரிகை பிடிக்க வேண்டியிருந்தது. 1951-இல் தீட்டிய ‘என் நரகம்’ ஐந்து மீட்டருக்கும் மேல் அகலமானது: கறுப்பு, சிவப்பு, மஞ்சள் சில்லுகள் திரையெங்கும் மோதிச் சிதறுகின்றன. 1954-இல் லண்டன் சமகாலக் கலை நிறுவனத்தில் அவரது தனிக்காட்சி நடந்தது. அங்கே தனிக்காட்சி வைத்த முதல் பெண் அவரே.

1958 ஜூலை 14-இல் பாக்தாத் புரட்சியில் ஈராக் அரச குடும்பத்தினர் கொல்லப்பட்டனர். தம்பதியர் அப்போது இத்தாலியின் இஸ்கியா தீவில் விடுமுறையில் இருந்ததால் தப்பினர். பதவியும் தூதரக மாளிகையும் போயின. சாதாரணக் குடியிருப்பில், 57-ஆம் வயதில், ஃபஹ்ரெல்நிஸ்ஸா முதன்முறையாகச் சமைத்தார். மிஞ்சிய கோழி எலும்புகளுக்கு வண்ணம் பூசினார். பிறகு அவற்றைப் பிசினில் வார்த்துச் சிற்பங்களாக்கினார். ஓவியத்தில் மறுபடியும் மனித முகங்கள் வந்தன.

1975-இல் ஜோர்தானின் அம்மானில் குடியேறி, வீட்டிலேயே பெண்களுக்கு ஓவியம் கற்பித்தார். லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகம் 2017-இல் அவரது படைப்புகளைத் திரட்டிப் பெருங்காட்சி நடத்தியது. ‘என் நரகம்’ இஸ்தான்புல் மாடர்ன் அருங்காட்சியகத்தில் உள்ளது.