சாதிக் கட்டமும் தகப்பன் பெயரும்: நேட்டால் கப்பல் பட்டியல்களில் ஒரு குடியேறியைத் தேடும் முறை

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ் ஒப்பந்தக் கூலிகளின் சமூகப் பின்னணியை ஆராய்ந்த முந்தைய ஆய்வு மரபு, கப்பல் பட்டியல்களில் சாதிக்கென ஒதுக்கப்பட்ட கட்டத்தையே முதன்மைச் சான்றாகக் கொண்டு, அதில் உள்ள பெயர்களை எண்ணி வகைப்படுத்தியது. ஒரு பெருந்திரளின் பொதுத் தோற்றத்தை அறிய அம்முறை ஓரளவு உதவியது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு தனிக் குடியேறியை அவருடைய ஊர்வரை பின்தொடர வேண்டிய நிலையில், பட்டியலிலேயே நம்பகம் மிகக் குறைந்த கட்டம் அதுதான் என்பதும், பொருட்படுத்தப்படாமல் விடப்பட்ட தகப்பன் பெயரும் தாலுக்காவுமே உறுதியான பிடிமானங்கள் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 342 பேருடன் டர்பனில் கரைசேர்ந்த ட்ரூரோ கப்பல் தொடங்கி 1911 வரை 384 கப்பல் பயணங்களில் 1,52,184 பேர் நேட்டாலுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாகச் சென்றவர்கள். ஒவ்வொருவருக்கும் தொடர்வரிசையில் ஓர் எண் வழங்கப்பட்டது. குடியேற்ற எண் எனத் தக்க இவ்வெண், பட்டியலோடு நின்றுவிடாமல் அவருடைய திருமண, இறப்புப் பதிவுகளிலும் பிள்ளைகளின் ஆவணங்களிலும் பின்தொடர்ந்ததால், இன்றைய வழித்தோன்றல் ஒருவர் தம் முன்னோர் வந்த கப்பலைக் கண்டடைய அதுவே வாயிலாகிறது. சொந்தச் செலவில் பயணம் செய்த வணிகர்களுக்கு இவ்வகை எண் கிடையாது. ஆகவே அவர்களைத் தேடும் வழியும் வேறு.

சாதிக் கட்டத்தின் சிக்கல் தொடக்ககாலப் பட்டியல்களிலேயே தெரிகிறது. அங்கே ‘மலபார்’ என்றும் ‘ஜெண்டு’ என்றும் எழுதப்பட்டிருப்பவை சாதிப் பெயர்கள் அல்ல. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து ஐரோப்பியர் முறையே தமிழரையும் தெலுங்கரையும் குறிக்க வழங்கிய பெயர்கள். அவற்றின் பக்கத்திலேயே ‘கிறித்தவர்’ என ஒரு சமயமும், ‘பறையர்’ என ஒரு சாதியும் இடம்பெறுகின்றன. மொழியும் சமயமும் சாதியும் ஒரே கட்டத்தில் கலந்து கிடப்பதைப் பார்க்கும்போது, வந்தவர்கள் அனைவரிடமும் ஒரே கேள்வி கேட்கப்பட்டு அதற்கு அவர்கள் தந்த விடைகள் பதிவாயின என்று கொள்வது கடினம். எழுத்தர் எதைக் கேட்டார், ஆள்சேர்ப்பவர் எதைச் சொல்லச் சொல்லிக் கொடுத்திருந்தார், எதிரே நின்றவர் எதைச் சொன்னால் தமக்கு நல்லது என்று கருதினார் என்னும் மூன்றும் சேர்ந்தே அந்தக் கட்டத்தை நிரப்பின எனத் தோன்றுகிறது. உழவுப் பழக்கம் உள்ளவர்களையே தோட்ட முதலாளிகள் விரும்பினர் என்பதால், வேளாண் சாதிப் பெயர்கள் கூடுதலாகப் பதிவாகும் வாய்ப்பையும் ஒதுக்கிவிட முடியாது. இவ்வாறு நிரம்பிய கட்டத்திலிருந்து விழுக்காடு எடுப்பது துணிச்சலான செயல்தான்.

இதே கட்டத்தைக் கொண்டு எதிர்த்திசையில் செல்லும் ஒரு வாதமும் உண்டு. தென்னாப்பிரிக்கத் தமிழர்களிடையே குடும்பப் பெயர்களாக நிலைத்துவிட்ட மூட்லி (முதலியார்), கோவெண்டர் (கவுண்டர்), பிள்ளை, படையாச்சி முதலிய பட்டங்கள் பட்டியலில் உள்ள சாதியோடு பொருந்தாதபோது, கடல் கடந்ததும் சாதியை உயர்த்திக்கொண்டனர் என்று அந்த வாதம் முடிவு கட்டுகிறது. சிலர் அவ்வாறு செய்திருக்கலாம். ஆயினும், ‘மலபார்’ என்று எழுதப்பட்ட ஒருவரின் பேரன் முதலியார் பட்டத்தைக் குடும்பப் பெயராகக் கொண்டிருந்தால், அதில் முரண் எங்கே இருக்கிறது? பட்டியல் அவருடைய சாதியைச் சொல்லவே இல்லை. இல்லாத சான்றோடு ஒப்பிட்டு ஒரு குடும்பத்தின் மீது பொய்ப்பழி சுமத்தும் இவ்வாசிப்பைக் கைவிடுவதே முறை.

தகப்பன் பெயரின் நிலை வேறு. தன் பெயருக்கு முன் தந்தை பெயரை வைத்துச் சொல்வது தமிழரின் அன்றாட வழக்கமாதலால், அக்கேள்விக்குத் தயங்கவோ விடையைத் திரிக்கவோ பெரும்பாலோருக்குக் காரணம் இருந்திருக்காது. வீட்டைவிட்டு ஓடிவந்தவர்கள் இதற்கு விலக்காக இருந்திருக்கலாம். முனுசாமி, வீராசாமி, கோவிந்தன் போன்ற பெயர்கள் கப்பல்தோறும் திரும்பத் திரும்ப வருவதால் பெயரை மட்டும் கொண்டு ஒருவரைப் பிரித்தறிவது இயலாத செயல். தந்தை பெயரும் தாலுக்காவும் வயதும் சேரும்போதுதான் அப்பெயர் ஒரு தனி மனிதரைச் சுட்டத் தொடங்குகிறது. எழுத்துக்கூட்டல் சீர்குலைந்திருப்பதால் முழுப் பட்டியலும் பயனற்றது என்ற மறுப்பு அடிக்கடி எழுப்பப்படுகிறது. பெயரை உரக்கப் படித்துப் பார்த்தாலே பெரும்பகுதி தெளிந்துவிடும் என்பதால் அதனை இங்கே விரித்து ஆராய வேண்டியதில்லை.

இடப்பெயர்க் கட்டம் நம்பத்தக்கது; ஆனால் அதனைப் பழைய நிலப்படத்தோடு படிக்க வேண்டும். நேட்டாலுக்கான ஆள் ஏற்றுமதி 1911 நடுவில் நிறுத்தப்பட்டது. சென்னை மாகாணத்தின் மாவட்ட எல்லைகள் பெரிதும் மாற்றியமைக்கப்பட்டதோ 1910, 1911 ஆகிய ஆண்டுகளில்தான். ஆகவே அரை நூற்றாண்டுப் பட்டியல்களில் ஏறத்தாழ அனைத்தும் அம்மாற்றத்துக்கு முந்தைய மாவட்டப் பிரிவையே காட்டுகின்றன. 1911 வரை சித்தூர் என்னும் பெயரில் தனி மாவட்டம் இல்லை. சித்தூர் நகரம் வடஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது. பட்டியலில் ‘சித்தூர்’ என்று கண்டவுடன் இன்றைய ஆந்திர மாவட்டம் முழுவதையும் துழாவும் வழித்தோன்றல், அவருடைய முன்னோர் இன்றைய தமிழ்நாட்டுப் பகுதியிலிருந்து சென்றவராகவும் இருக்கலாம் என்பதைத் தவறவிடுகிறார். 1910இல் கோயம்புத்தூரிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு மாற்றப்பட்ட கரூர்த் தாலுக்காவிலும், அதே ஆண்டில் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு அமைந்த இராமநாதபுரத்திலும் இதே கவனம் தேவை. மாவட்டத்தைவிடத் தாலுக்காவுக்கே மதிப்பளிக்க வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

ஊர்ப்பெயர் பிறந்த இடத்தைத்தான் குறிக்கும் என்று கொள்வதும் ஆபத்து. தென்னாப்பிரிக்கச் சத்தியாகிரகப் போராளி தில்லையாடி வள்ளியம்மை 1898இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து 1914 பிப்ரவரி 22 அன்று மறைந்தவர். தில்லையாடி அவருடைய தாயின் ஊர். அவருடைய பெற்றோர் தோட்ட ஒப்பந்தத்தில் சென்றவர்கள் அல்லர் என்பதால் கப்பல் பட்டியலில் அக்குடும்பத்தைத் தேடுவதும் வீண்வேலை.

நேட்டால் குடும்பங்களுக்கு இந்த அளவுக்கேனும் தாள் மிஞ்சியதற்குக் காரணம், அவர்கள் கடல் கடந்ததும் அதற்கு அரசின் அனுமதி தேவைப்பட்டதுமே. அதே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பம்பாய்த் தீவின் வடக்கு விளிம்புச் சதுப்பு நிலத்துக்கு வந்து, தோல் பதனிடும் தொழிலில் இறங்கித் தாராவியை வளர்த்தவர்களுக்கு அவ்வகைப் பட்டியல் எதுவும் இல்லை. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள்ளேயே நடந்த அவர்களுடைய இடப்பெயர்வுக்கு யாரும் எண் தரவில்லை. ஆனால் தந்தை பெயரும் சொந்த ஊரும் எழுதப்பட்ட சந்தாப் பேரேடும் அடக்கப் பதிவேடும் ஊர்ச் சங்கத்திலோ கோயிலிலோ பள்ளிவாசலிலோ இருக்குமானால், மேலே கூறிய முறை அங்கும் அப்படியே பொருந்தும். தாராவியின் இன்றைய மறுசீரமைப்புத் திட்டம் தரைத்தளக் குடியிருப்பாளருக்கு அதே இடத்தில் இலவச வீடு வழங்க 2000 ஜனவரி 1க்கு முந்தைய குடியிருப்புச் சான்றைக் கேட்கிறது. அந்த நாளுக்கு முந்தைய நூறாண்டைப் பற்றி அதற்கு அக்கறை இல்லை. கட்டடங்கள் இடிபடும்போது சங்க அலமாரிகளும் காலிசெய்யப்படும். எனவே தாராவி, மாட்டுங்கா, தாதர், செம்பூர்ப் பகுதிகளின் தமிழ்ச் சங்கத்தாரும் கோயில், பள்ளிவாசல் நிர்வாகிகளும் தங்கள் வசமுள்ள பழைய பேரேடுகளைப் பழந்தாள் என்று கழித்துவிடாமல், பக்கம் பக்கமாகப் படியெடுத்து ஏதேனும் ஒரு நூலகத்தில் சேர்ப்பிக்க வேண்டும்.