சியனாவின் அரசி

இத்தாலியின் சியனா நகரை ஆண்ட ஒன்பதின்மர் என்ற ஆட்சிக் குழுவினர் வீழ்ந்த கதையை இந்த வாரம் சொல்வதாக இருந்தேன். அதற்கு முன் அவர்கள் உச்சத்தில் இருந்த ஒரு நாளைப் பார்த்துவிடுவோம்: 1311 ஜூன் 9.

அன்று ஊரில் கடையடைப்பு. ஆலய மணிகள் முழங்க, ஓவியர் தூச்சியோவின் பட்டறையிலிருந்து பேராலயத்துக்குப் பீட ஓவியம் ஒன்று ஊர்வலமாகப் புறப்பட்டது. ஆயர், குருக்கள், ஒன்பதின்மர், அதிகாரிகள், மெழுகுவர்த்தி ஏந்திய ஊரார், அவர்கள் பின்னே பெண்களும் பிள்ளைகளும். எக்காளம் ஊதியவர்களுக்குக் கூலி கொடுத்தது நகர ஆட்சி. கோயில் படத்துக்கு அரசு ஏன் செலவழித்தது?

விடை 1260இல் இருக்கிறது. பிளாரன்ஸ் படை நெருங்கியபோது, போனகுயிதா என்பவர் வெறுங்காலோடு ஊரை நடத்திச் சென்று, நகரச் சாவிகளை மரியன்னையின் பீடத்தில் வைத்தார் என்கின்றன சியனாவின் பழைய வரலாற்று ஏடுகள். மொந்தாபெர்த்திப் போரில் சியனா வென்றது. அன்றிலிருந்து ஊருக்கு அவளே அரசி.

தூச்சியோ தீட்டியதும் ஓர் அரசவையைத்தான். தங்க ரேக்குப் பின்னணியில், பளிங்கு அரியணையில், குழந்தையோடு மரியன்னை. முன்வரிசையில் ஊரின் காவல் புனிதர்கள் நால்வரும் மண்டியிட்டு மன்றாடுகிறார்கள். அரியணையின் அடியில் ஒரு விண்ணப்பம்: சியனாவுக்கு அமைதி கொடு, உன்னை இப்படித் தீட்டிய தூச்சியோவுக்கு வாழ்வு கொடு. இது மக்கள் பார்த்த முன்பக்கம். குருக்கள் அமர்ந்த பின்பக்கத்தில் கிறிஸ்துவின் பாடுகள், 26 காட்சிகளாக.

இந்தத் தூச்சியோமீது எனக்குத் தீராத பிரியம். கடன்காரர், பலமுறை அபராதம் கட்டியவர், போருக்கு வர மறுத்ததற்கும் தண்டம். அப்படிப்பட்டவரிடம்தான் 1308இல், தன் கையாலேயே தீட்ட வேண்டும், வேறு வேலை ஏற்கக் கூடாது என்று ஒப்பந்தம் எழுதி வாங்கினார்கள். வேலை செய்த நாளுக்குக் கூலி 16 சோல்தி. மொந்தாபெர்த்தியில் வாள் வீசியவர்களைவிட, ஊரின் அமைதிக்காக இப்படி மன்றாடிய இந்தக் கைதான் எனக்குப் பெரிது. 1319இல் அவருடைய பிள்ளைகள் தகப்பன் சொத்தே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

வில்லன்கள் பின்னால் வந்தார்கள். 1506இல் ஓவியத்தைப் பீடத்திலிருந்து இறக்கினார்கள். 1771இல் ரம்பத்தால் அறுத்து, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பிரித்தார்கள். ஓர் ஊரே தோள் கொடுத்த படத்தைப் பலகையாகப் பார்த்தவர்களை மன்னிக்க என்னால் முடியவில்லை. சில துண்டுகள் இன்று லண்டனில், நியூயார்க்கில், வாஷிங்டனில். பெரும்பகுதி சியனா பேராலய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஒன்பதின்மர் 1355இல் வீழ்ந்தார்கள். அந்தக் கதை அடுத்த வாரம்.