பெரட்டுக்கு நேரமாச்சு

விடிகாலை 4 மணிக்கே பாட்டி எழுந்துவிடுவார். "பெரட்டுக்கு நேரமாச்சு, கதவத் தொறடா." தோட்டத்தை விட்டு வந்து முப்பது வருஷம்! மறதிநோய். அலைச்சல் குறைய ரிஸ்பெரிடோன் எழுதித் தந்தார்கள். பாட்டி அடங்கினார். நாங்கள் தூங்கினோம்.

1952இல் பாரிஸில் டிலேயும் டெனிக்கரும் மனநோயாளிகளுக்குக் குளோர்புரோமசைன் கொடுத்ததில் தொடங்கிய மருந்துக் குடும்பம் இது. மறதிநோய்க்காகப் பிறந்ததல்ல, ஆளை அமைதிப்படுத்தும் என்பதால் முதியோரிடமும் வந்துசேர்ந்தது. 2005இல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ., இதன் புதிய தலைமுறை மருந்துகள் பற்றிய 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து எச்சரித்தது: சுமார் பத்து வாரங்களில், மருந்து எடுத்த மறதிநோயாளிகளில் 4.5 விழுக்காட்டினர் இறந்திருந்தார்கள்; வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2.6.

அதை நான் படித்தது பாட்டி போன பிறகு. மருந்தா, வயசா, சொல்ல முடியாது. கதவைத் திறந்து, ஒரு தேத்தண்ணி போட்டுக் கொடுத்து, வாசலில் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். எங்க யாருக்கும் தோணல.